சாகாதவர்களைச் சாகடித்த பேரேடு

2025 ஏப்ரல் மாதம் இரண்டாவது வாரத்தில் அமெரிக்காவில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மனிதர்கள் ஒரே மூச்சில் செத்துப்போனார்கள். துப்பாக்கி வெடிக்கவில்லை. பிணம் விழவில்லை. ஒப்பாரி கேட்கவில்லை. செத்தவர்கள் அன்று காலையிலும் எழுந்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, ஓட்டல் அடுப்படிக்கும் கட்டட வேலைக்கும் கிடங்குக்கும் போயிருப்பார்கள். ஆனால் அந்நாட்டுச் சர்க்காரின் இறந்தோர் பேரேட்டில் அவர்களுடைய எண்கள் ஏறிவிட்டன. அவ்வளவுதான், ஆள் முடிந்தான்!

கை தவறி நடந்தது என்றால் மன்னித்துவிடலாம். தெரிந்தே செய்தார்கள். உயிரோடு இருக்கிறவர்கள் என்று தெரிந்தே, உயிரோடு இருக்கிறவர்கள் என்பதற்காகவே செய்தார்கள். செத்தவனை யார் நாட்டைவிட்டுத் துரத்தப்போகிறார்கள்?

இந்தச் செய்தி நம் பேட்டைகளில் அதிகம் பேசப்படவில்லை. எங்கோ கடலுக்கு அப்பால் நடக்கும் சங்கதி என்று நம்மில் பலர் தள்ளிவிட்டோம். ஊரைவிட்டு வந்து, வேற்று மொழி பேசும் பட்டணத்தில், ஓர் அட்டையையும் ஓர் எண்ணையும் நம்பி அடுப்பெரிக்கும் நாம் அப்படித் தள்ளலாமா? தள்ளக்கூடாது என்பது எங்கள் கட்சி. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் ‘சமூகப் பாதுகாப்பு எண்’ என்று ஒன்பது இலக்க எண் ஒன்று உண்டு. 1935-ல் அங்கே முதியோர் ஓய்வூதியச் சட்டம் வந்தது. யார் எவ்வளவு சம்பாதித்தார், எவ்வளவு கட்டினார் என்று கணக்கு வைக்க 1936-லிருந்து இந்த எண்ணைக் கொடுத்தார்கள். உழைப்பவனுடைய சேமிப்புக்காகப் பிறந்த எண் அது. ஆனால் வருஷம் போகப்போக வங்கிக் கணக்கு, வேலை, வரி, கடன், மருத்துவ உதவி எல்லாம் அந்த ஒரே எண்ணில் வந்து தொங்கிக்கொண்டன. நம் ஊரில் ஆதார், பான், பி.எஃப். மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டினால் எப்படியோ அப்படி. கயிறு சர்க்காரின் கையில்.

இதே இலாகாதான் இறந்தவர்களின் பேரேட்டையும் வைத்திருக்கிறது. செத்தவர் பெயரில் யாரும் ஓய்வூதியம் வாங்கிவிடக் கூடாது, கடன் எடுத்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு. வங்கிகளுக்கும் கடன் நிறுவனங்களுக்கும் மற்ற இலாகாக்களுக்கும் இந்தத் தகவல் போகிறது. அதில் ஓர் எண் ஏறினால் கதவுகள் ஒவ்வொன்றாகத் தானாகவே மூடிக்கொள்ளும். யாரும் யாருக்கும் உத்தரவு போட வேண்டியதில்லை. திருடனைத் தடுக்க வைத்த பூட்டு. அதை வீட்டுக்காரனையே தெருவில் நிறுத்தப் பயன்படுத்தியிருக்கிறார்கள்!

யார் இந்த ஆறாயிரம் பேர்? வேலி தாண்டி ஒளிந்து வந்தவர்களா? இல்லை. முந்தைய ஆட்சியில், சர்க்கார் தானே திறந்த வாசல் வழியாக வந்தவர்கள். 2023 ஜனவரியிலிருந்து, எல்லைக்கு வருகிறவர்கள் கைப்பேசிச் செயலி ஒன்றில் பதிந்து, நாள் வாங்கி, வரிசையில் நின்று உள்ளே வரலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். அப்படி வந்தவர்கள் ஒன்பது லட்சத்துக்கும் மேல். கியூபா, ஹைத்தி, நிகராகுவா, வெனிசுவேலா நாட்டவருக்குத் தனியாக ஒரு திட்டம். உள்ளூரில் ஒருவர் பொறுப்பேற்க, சொந்தக் காசில் விமானமேறி வந்தவர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல். இந்த அனுமதிக்கு அங்கே ‘பரோல்’ என்று பெயர். சிறைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தற்காலிகமாக உள்ளே இருக்க இசைவு என்று பொருள். பரோலோடு வேலை செய்ய அனுமதி வந்தது. அனுமதியோடு எண் வந்தது. எண்ணோடு பிடித்தம் வந்தது. நூறு டாலர் கூலிக்கு ஆறு டாலர் இருபது செண்ட், முதலாளி பங்கு அதே அளவு தனி.

ஆக, சட்டப்படி வா என்றார்கள், வந்தார்கள். பதிவு செய் என்றார்கள், செய்தார்கள். வரி கட்டு என்றார்கள், கட்டினார்கள். ஆட்சி மாறியது. 2025 ஏப்ரலில் அவர்களுக்கு மின்னஞ்சல் வந்தது: உங்கள் பரோல் முடிந்தது, வெளியேறுங்கள். அந்த மின்னஞ்சல் அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்த சில வழக்கறிஞர்களுக்கும் போய்ச் சேர்ந்தது! பட்டியல் எவ்வளவு கவனமாகத் தயாரானது என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? அதே வாரத்தில்தான் உள்நாட்டுப் பாதுகாப்பு இலாகாவும் ஓய்வூதிய இலாகாவும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டு, ஆறாயிரத்துச் சொச்சம் பேரின் எண்களை இறந்தோர் பேரேட்டில் ஏற்றின.

கேட்டவர்களுக்கு என்ன பதில் சொன்னார்கள்? எல்லோரும் பயங்கரவாதத் தொடர்பு உள்ளவர்கள், குற்றவாளிகள் என்றார்கள். எந்த நீதிமன்றம் விசாரித்தது? எவர் முன்னால் சாட்சி வைக்கப்பட்டது? ஒன்றுமில்லை. அந்தப் பட்டியலில் பதின்மூன்று வயதுப் பிள்ளையும் எண்பது வயதைத் தாண்டிய ஒருவரும் இருந்ததை அந்நாட்டுப் பத்திரிகைகளே எழுதின. இலாகாவின் அன்றைய தற்காலிகத் தலைவர் ஊழியர்களுக்கு எழுதிய கடிதத்தில், இவர்களுடைய பணம் சார்ந்த வாழ்க்கை முடித்துவைக்கப்படும் என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார் என்றும் வெளியாயிற்று. உயிரோடு இருப்பவரைச் செத்தவர் என்று எழுதுவது சட்டவிரோதமாகும் என்று ஆட்சேபித்த மூத்த அதிகாரி ஒருவரை அவருடைய அறையிலிருந்தே வெளியே கூட்டிக்கொண்டு போனார்கள். அந்த மனிதருக்கு நம் வணக்கம். எல்லா நாட்டு அலுவலகத்திலும் இப்படி ஒருவராவது இருக்கிறார். எல்லா நாட்டிலும் அவருக்குக் கிடைக்கும் மரியாதையும் இதுதான்.

பிறகு எதிர்ப்புக் கிளம்பவே, அந்தப் பேரேட்டுக்குத் ‘தகுதியற்றோர் பேரேடு’ என்று பெயரை மாற்றப்போவதாகச் சொன்னார்கள். சுடுகாட்டுக்குப் பூங்கா என்று பலகை மாட்டினால் போதுமா? மாற்றிய பெயரிலும் ஓர் உண்மை வெளிப்பட்டுவிட்டது. யார் வாழத் தகுதியுள்ளவர், யார் தகுதியற்றவர் என்று முடிவு செய்யும் அதிகாரம் எழுத்தர் மேஜைக்கு வந்துவிட்டது.

நோக்கம் என்ன? தாங்களாகவே மூட்டை கட்டிக்கொண்டு போய்விட வேண்டும். பிடித்து, அடைத்து, வழக்கு நடத்தி, விமானம் ஏற்றி அனுப்பினால் செலவு. நீதிபதி கேள்வி கேட்பார். பட்டினி போட்டால் செலவு இல்லை, கேள்வியும் இல்லை. இந்தத் தந்திரம் நமக்குப் புதிதல்ல. குடிசையை இடிப்பதற்கு முன்னால் தண்ணீர்க் குழாயை அடைத்துவிடுவார்கள். அப்புறம் மின்சாரத்தைத் துண்டிப்பார்கள். நாலு நாள் கழித்து, பார், இவர்களே காலி செய்துவிட்டார்கள் என்று எழுதிக்கொள்வார்கள். இதைக் கண்ணால் பார்த்தவர்கள் நம்மிலே எத்தனை பேர்!

எண் செத்தால் மனிதனுக்கு என்ன ஆகும் என்று ஊகிக்க வேண்டியதில்லை. அங்கே தவறுதலாகச் செத்தவர் பட்டியலில் ஏறியவர்கள் வருஷந்தோறும் உண்டு. ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் மரணங்கள் பதிவாகின்றன, அதில் பிழை ஒரு சதவீதத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு என்று இலாகாவே பெருமையாகச் சொல்கிறது. கேட்பதற்குச் சின்ன கணக்குதான். பெருக்கிப் பாருங்கள், ஆயிரக்கணக்கான உயிருள்ள மனிதர்கள்! அவர்களுக்கு நேர்ந்தது எல்லோருக்கும் தெரியும். ஓய்வூதியம் நின்றுபோகும். வந்து சேர்ந்த பணத்தையும் வங்கியிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்வார்கள். கணக்கு முடங்கும். மருந்துக் கடையில் காப்பீடு செல்லாது. வீட்டு வாடகைக்குப் புதிதாக ஒப்பந்தம் போடப் போனால், நீங்கள் இறந்துவிட்டீர்களே என்று திரை காட்டும். அந்த நாட்டிலேயே பிறந்து, அந்த மொழியையே பேசி, வக்கீல் வைக்க வசதியுள்ளவனே மீண்டும் உயிர் பெறுவதற்கு மாதக்கணக்கில் அலைகிறான்.

வந்தேறி என்ன செய்வான்? உயிரோடு இருக்கிறேன் என்று நிரூபிக்க அவன் அதே சர்க்காரின் அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். எந்தச் சர்க்கார்? அவனைப் பிடித்து அனுப்பத் தேடுகிற சர்க்கார்! போகாவிட்டால் செத்தவன், போனால் அகப்பட்டவன். இதைவிடக் கொடிய கண்ணியை எந்த வேடனும் வைத்ததில்லை. அப்படியும் துணிந்து காகிதங்களை எடுத்துக்கொண்டு போய் நின்று, மறுபடியும் உயிருள்ளவர் பட்டியலில் ஏறியவர்கள் சிலர் உண்டு. போகப் பயந்து வீட்டுக்குள் இருந்தவர்களின் கணக்கை யார் எழுதப்போகிறார்கள்?

இங்கே ஒருவர் குறுக்கிட்டுச் சொல்வார்: அது வெனிசுவேலாக்காரன் பாடு, நம் பிள்ளைகள் விசா வாங்கிப் போனவர்கள், படித்தவர்கள், அவர்களுக்கு ஒன்றும் வராது என்று. வந்ததே! அதே 2025 மார்ச், ஏப்ரல் மாதங்களில் வெளிநாட்டு மாணவர் பதிவேட்டில் 4,700-க்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை ரத்து செய்தார்கள். ஒவ்வொரு மாணவனுக்கும் அதில் ஓர் எண் உண்டு; அந்தப் பதிவு போனால் படிப்பும் போகும், தங்கும் உரிமையும் போகும். மாணவர் பெயர்களைப் போலீஸ் தகவல் களஞ்சியத்தில் போட்டு அலசி, பெயர் தட்டுப்பட்டவர்களை எல்லாம் வெட்டினார்கள். வண்டியை வேகமாக ஓட்டியவனும், வழக்கே தள்ளுபடியானவனும் அதில் சிக்கினான். அமெரிக்கக் குடியேற்ற வழக்கறிஞர்கள் சங்கம் திரட்டிய 327 பேரின் விவரங்களில் பாதிப்பேர் இந்தியர்கள். மாணவர்கள் ஊர் ஊராக வழக்குப் போட்டார்கள். நீதிபதிகள் தடை விதித்தார்கள். ஏப்ரல் 25-ம் தேதி பதிவுகளைத் திரும்பக் கொடுக்கிறோம் என்று சர்க்கார் பின்வாங்கியது. வக்கீல் வைக்க முடிந்தவனுக்குச் சில வாரங்களில் உயிர் திரும்பியது. பாத்திரம் கழுவுகிறவனுக்கு?

தமிழ்க் கூலிக்காரனின் சரித்திரத்தைத் திருப்பிப் பார்த்தால், எண்ணும் அதை ரத்து செய்வதும் நமக்குப் பரம்பரைச் சொத்து போல வந்திருக்கிறது. மதுரை, திருச்சி, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் பிடித்துக்கொண்டு போன காலத்தில், வெள்ளைக்காரத் துரை ஆளுக்கு ஒரு தகர வில்லையைக் கொடுத்தான். எந்தத் தோட்டம், எத்தனையாவது ஆள் என்று அதில் பொறித்திருக்கும். சாமானுக்குச் சீட்டு ஒட்டுவது போலத்தான். தோட்டத்தில் செக்ரோலில் பேர் இருந்தால் அரிசி. பேர் வெட்டினால் லயத்தில் இடமில்லை. துண்டு முறை என்று ஒன்று வைத்தார்கள். கடனைத் தீர்த்ததாகத் துண்டுச் சீட்டு வாங்காமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. அதை ஒழிக்க 1921 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

தகரத்துக்குப் பிறகு காகிதம் வந்தது. 1947 தேர்தலில் அந்த மக்கள் ஓட்டுப் போட்டு, இலங்கை இந்தியர் காங்கிரஸ் சார்பில் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். மறுவருஷமே, 1948-ன் 18-ம் எண் சட்டம். பாட்டன் அங்கே பிறந்ததற்குப் பத்திரம் கொண்டு வா என்றார்கள். மலைக்காட்டு லயத்தில் பிறந்தவனுக்கு எந்தப் பத்திரம்? சுமார் ஏழு லட்சம் பேர் நாடற்றவர்களானார்கள். ஓட்டும் போயிற்று. 1964-ல் இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்து 9,75,000 தலைகளைப் பங்கு பிரித்தார்கள்: 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மீதி 1,50,000 பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்று. அந்தத் தலைகளில் ஒன்றையாவது கூப்பிட்டு, உனக்கு எங்கே இருக்க விருப்பம் என்று கேட்டார்களா? அப்படிக் கப்பலேற்றப்பட்டவர்கள் நீலகிரியில் இறங்கி மறுபடியும் தேயிலையே கிள்ளினார்கள்.

நம் நாட்டுச் சர்க்கார்களையும் விட்டுவிட முடியாது. அமெரிக்காவைத் திட்டிவிட்டு இங்கே கண்ணை மூடிக்கொள்வது யோக்கியமான அரசியல் ஆகாது. அஸ்ஸாமில் குடிமக்கள் பதிவேட்டு விவகாரத்தில் கைரேகை கொடுத்த 27 லட்சம் பேரின் பதிவுகளை 2019-லிருந்து பூட்டிவைத்தார்கள். ஆதார் கிடைக்காமல் ஐந்து வருஷம் அலைந்த பிறகு, 2024 ஆகஸ்டில்தான் 9 லட்சத்துச் சொச்சம் பேருக்கு விடுதலை அறிவித்தார்கள். அதே 2024 பிப்ரவரியில் மேற்கு வங்கக் கிராமங்களில் திடீரென்று கடிதங்கள் வந்தன: நீங்கள் இந்தியாவில் தங்குவதற்கான நிபந்தனையைப் பூர்த்தி செய்யவில்லை, உங்கள் ஆதார் முடக்கப்பட்டது. கூச்சல் கிளம்பியதும், தொழில்நுட்பக் கோளாறு என்றார்கள். கோளாறு எப்போதும் ஏழை வீட்டு வாசலைத்தான் தேடி வருகிறது. பங்களாக்காரனின் எண்ணில் கோளாறு வந்து எப்போதாவது கேள்விப்பட்டீர்களா?

2025 ஆகஸ்டு முதல் தேதி பீகாரின் வரைவு வாக்காளர் பட்டியலிலிருந்து சுமார் 65 லட்சம் பெயர்கள் போயின. செத்தவர்கள், இடம் பெயர்ந்தவர்கள், இரட்டைப் பதிவு என்று காரணம் எழுதினார்கள். செத்ததாக எழுதப்பட்ட இருவர் அதே மாதம் 12-ம் தேதி உச்ச நீதிமன்றத்திலேயே நேரில் கொண்டுவந்து நிறுத்தப்பட்டார்கள்! உத்தரப் பிரதேசத்தில் ஆசம்கர் மாவட்டத்து லால் பிகாரி இதற்கெல்லாம் மூத்தவர். நிலத்துக்காகச் சொந்தக்காரரே அவரைப் பதிவேட்டில் சாகடித்துவிட, 1994 வரை போராடினார். தேர்தலில் நின்று பார்த்தார், இறந்தவர்கள் சங்கம் என்று ஒன்றையே தொடங்கினார். சிரிப்பு வருகிறதா? நம் சங்கத்து மூட்டைத் தொழிலாளி ஒருவரின் தாயாருக்கு ஊரில் முதியோர் பணம் நின்றுபோயிற்று. அவர் நாலு நாள் கூலியை விட்டு, ரயிலேறிப் போய், அம்மாவைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு அலுவலகத்தில் நின்றார். “இறந்துட்டதா சிஸ்டம்ல காட்டுதே” என்றாராம் அங்கே இருந்தவர், அந்தத் தாயைப் பார்த்துக்கொண்டே. அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்படியானால் போலி அட்டைகளை ஒழிக்க வேண்டாமா என்று கேட்பார்கள். தாராளமாக ஒழியுங்கள். போலிக்கு வக்காலத்து வாங்க நாங்கள் பேனா எடுக்கவில்லை. நம்மைப் போன்றவர்களின் பங்கைத் திருடுவதே போலிதான். நாங்கள் கேட்பது வேறு. எண்ணை வெட்டுவதற்கு முன்னால் ஆளுக்குச் சொல்; அவனுக்குப் புரியும் மொழியில் சொல்; காரணத்தை எழுத்தில் கொடு; அவன் சொல்வதைக் கேள்; மேல்முறையீடு முடியும் வரை அந்த எண் உயிரோடு இருக்கட்டும். இறந்தோர் பேரேட்டில் இறந்தவர்களை மட்டும் எழுது. இது என்ன பெரிய புரட்சிக் கோரிக்கையா?

இந்தக் கோரிக்கைக்காக இந்த நாட்டில் முதலில் படியேறியவர்களில் நம்மவர் ஒருவர் இருக்கிறார். 1981-ல் பம்பாய் நடைபாதைவாசிகளைப் பேருந்தில் ஏற்றி அவரவர் ஊருக்கே திருப்பி அனுப்பப் புறப்பட்டது மராட்டிய அரசு. எதிர்த்து வழக்குப் போட்டவர்களில் ஒருவர் சேலம் மாவட்டத்திலிருந்து 1961-ல் பிழைப்புத் தேடி வந்த நிலமற்ற கூலி. உச்ச நீதிமன்றம் 1985 ஜூலையில் தீர்ப்புச் சொன்னது: பிழைக்கும் வழியும் உயிர் வாழும் உரிமையில் அடக்கம். நல்ல வாசகம். அதே தீர்ப்பு அகற்றுவதைத் தடுக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1976 கணக்கெடுப்பில் அடையாள அட்டை பெற்றவர்களுக்கு மட்டும் மாற்றிடம் தரச் சொன்னது. பார்த்தீர்களா, அங்கேயும் அட்டை இருந்தவன் மனிதன், இல்லாதவன் நடைபாதைத் தூசி. தாராவியில் 2024-ல் வீடு வீடாக எண் போட்டு அளக்கத் தொடங்கினார்கள். அந்த எண் வீட்டைக் கொடுக்கும் எண்ணா, வெளியே தள்ளும் எண்ணா என்று தெரியாமல் எத்தனை தமிழ்க் குடும்பங்கள் தூக்கம் கெட்டுக் கிடக்கின்றன!

அமெரிக்கத் தொழிற்சங்கங்களும் குடியேறியோர் அமைப்புகளும் இந்த அக்கிரமத்தை எதிர்த்துக் குரல் கொடுக்கின்றன. அவர்களோடு நாமும் நிற்கிறோம் என்று இந்த இதழ் வழியாகச் சொல்லிக்கொள்கிறோம். அந்த ஹைத்திக்காரன் தமிழ் படிக்கமாட்டான், பரவாயில்லை.

இனி நம் வீட்டுக் காரியம். ரேஷன், ஆதார், வாக்காளர் பட்டியல், முதியோர் பணம், பி.எஃப்., குடிசைக் கணக்கெடுப்பு, எது சம்பந்தமாக எந்தக் கடிதம் வந்தாலும், படிக்கத் தெரியாத மொழியில் இருந்தாலும், கிழித்துப் போடாதீர்கள். வந்த உறையையும் வைத்துக்கொள்ளுங்கள், தேதி முத்திரை அதில்தான் இருக்கும். வாயால் சொன்ன பதிலை நம்பித் திரும்பாதீர்கள், எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் நீங்களே மனு எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு நகலில் முத்திரை கேளுங்கள். ஊரில் இருக்கும் தாய் தகப்பனின் பணம் நின்றிருந்தால் அந்த விவரத்தையும் கொண்டு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்கத்தில் ஆள் இருப்பார்கள். மனு எழுதித் தருவோம், கூடவே வந்து நிற்கவும் செய்வோம். வரும்போது அசல் காகிதங்களைக் கொண்டுவர வேண்டாம். நகல் போதும்.